போஸ்டரா, வீடு வீடாகவா?

கவுன்சிலர் தேர்தலில் முதல் முறை சுயேச்சையாக நிற்கிறேன், கையில் இருக்கிற கொஞ்சப் பணத்தைப் போஸ்டரில் போடலாமா, வீடு வீடாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு வீடாகப் போங்கள், யோசிக்கவே வேண்டாம். வார்டு என்பது சின்ன இடம், பத்து இருபது ஓட்டில் முடிவு மாறியதுண்டு, சமமாக வந்து குலுக்கல் போட்டதும் நடந்திருக்கிறது. ஆனால் சும்மா நோட்டீசை நீட்டிவிட்டு நகர்ந்தால் பிரயோஜனமில்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், யார் என்ன சொன்னார் (சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, எதுவாக இருந்தாலும்) என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள், அப்புறம் இரண்டாவது முறை போகும்போது அதையே எடுத்துப் பேசுங்கள், அவர் உங்களை மறக்கமாட்டார். வரியைக் குறைப்பேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது ஒரு கவுன்சிலர் கையில் இல்லை, மன்றத்தில் பெரும்பான்மை வேண்டும்.

போஸ்டரை விடக் கவலைப்பட வேண்டியது வேட்புமனு. முன்மொழிபவரின் பெயர் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே மனுவிலும் இருக்கிறதா என்று கடைசி நாளுக்கு முன்பே பார்த்துவிடுங்கள், ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் தள்ளுபடி ஆகலாம். செலவுக் கணக்கையும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள், ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.