வெயிட் தூக்கினால் குத்து மந்தமாகுமா?

முத்தியால்பேட்டையில் பாக்ஸிங் பழகுகிறேன், வயது 18. வெயிட் தூக்கினால் கை மந்தமாகிவிடும் என்கிறார் மாஸ்டர். நிஜமா?

தம்பி, மாஸ்டர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தினமும் பைசெப்ஸ், செஸ்ட் என்று துவண்டுபோகும்வரை தூக்கிவிட்டு, அந்த வலியோடு ரிங்கில் ஏறினால் குத்து மந்தமாகத்தான் போகும். ஆனால் குத்தின் பலம் காலிலிருந்து வருவது. அடுத்த முறை பேக் (தொங்கும் குத்துமூட்டை) அடிக்கும்போது உன் பின்னங்காலை மட்டும் வீடியோ எடுக்கச் சொல். குதிகால் எழும்பி, முன்பாதம் தரையை உந்தி, இடுப்பு திரும்பிய பிறகுதான் தோள் வரும். அந்த உந்தலுக்குத்தான் வெயிட்.

வாரம் இரண்டு நாள் ஸ்குவாட் (வெயிட்டோடு உட்கார்ந்து எழுவது) அல்லது டெட்லிஃப்ட் (தரையிலிருந்து வெயிட்டைத் தூக்கி நிமிர்வது). 3 செட் (சுற்று), செட்டுக்கு 3 முதல் 5 ரெப் (தடவை). முடிக்கும்போது இன்னும் இரண்டு ரெப் தூக்கத் தெம்பு மிச்சம் இருக்கவேண்டும். செட்டுக்கு நடுவே 3 நிமிடம் ஓய்வு. இதோடு புல்-அப், சுவரில் மெடிசின் பால் (கனமான பயிற்சிப் பந்து) எறிவது. சாப்பாடு அளவாக இருந்தால் எடைப் பிரிவு மாறும் என்ற பயமும் வேண்டாம். ஸ்பாரிங்குக்கு (எதிராளியோடு பயிற்சிச் சண்டை) முந்தின நாள் மட்டும் காலுக்கு வெயிட் வேண்டாம்.

டம்பெல் பிடித்து ஷேடோ பாக்ஸிங் (எதிரே ஆளில்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) செய்வதை விட்டுவிடு. குத்து முன்னே போகவேண்டும், டம்பெல்லோ கையைக் கீழே இழுக்கிறது. தோள் களைப்பதுதான் மிச்சம்.

புரோட்டீன் பவுடர் கட்டாயமா?

இல்லை. கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு மீனுக்கா பஞ்சம்? 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் 6 கிராம். சைவம் என்றால் சுண்டல், பருப்பு, தயிர், பனீர். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

கடலூர் செம்மண்டலம், வயது 66, ஓய்வுபெற்ற ஆசிரியர். தினமும் சில்வர் பீச்சில் நடக்கிறேன். இந்த வயதில் அது போதாதா?

ஐயா, நடையை நிறுத்தாதீர்கள், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது, அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாக. அதற்கும் முன்னால் குறைவது சட்டென்று பலம் காட்டும் திறன். பஸ் படியில் கால் தவறினால் விழாமல் தாங்குவது அதுதான். 65 தாண்டியவர்கள் வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

சுவரோரம் ஒரு நாற்காலி போடுங்கள். கையை ஊன்றாமல் எட்டு முறை எழுந்து உட்காருங்கள். சற்று ஓய்வெடுத்து இன்னும் இரண்டு சுற்று. எழுவது வேகமாக, உட்காருவது மூன்று எண்ணி மெதுவாக. சுலபமானதும் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், பிறகு 5 கிலோ அரிசிப் பை. எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். பிரஷர், இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டபின் தொடங்குங்கள். தொண்ணூறை ஒட்டிய முதியோர் இல்லவாசிகள் எட்டே வார வெயிட் பயிற்சியில் கால் பலத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டிய அமெரிக்க ஆய்வு 1990இலேயே வெளியானது. உங்களுக்கு 66தான்!

வயது 49. ஸ்கிப்பிங் செய்தால் மறுநாள் காலை குதிகாலுக்கு மேலே பிடித்துக்கொள்கிறது.

சில வாரம் கயிற்றை ஓரம் வையுங்கள். படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பட்டென்று அறுந்ததுபோல் இருந்தால் அன்றே டாக்டர்.

கல்லூரி நாளில் மாவட்ட அளவில் பாக்ஸிங் ஆடியவன், இப்போது 52. அமெரிக்க பாக்ஸர் ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனாரே, நான் ஸ்பாரிங் போகலாமா?

ஃபோர்மன் 1994இல் அப்போதைய சாம்பியன் மைக்கேல் மூரரை வீழ்த்தியது பத்தாவது ரவுண்டில். அதுவரை புள்ளிகளில் பின்தங்கி, அடி வாங்கிக்கொண்டே இருந்தார். வேகம் போனாலும் பலம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அடியைத் தாங்க மூளையைப் பழக்க முடியாது. ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. பேக் அடியுங்கள், பேட் (மாஸ்டர் கையில் பிடிக்கும் மெத்தை) அடியுங்கள், வார்ம்-அப்புக்குக் கால் மணி நேரம் கொடுங்கள், கடுமையான பயிற்சிக்குப் பின் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். தலையில் கை படாமல், உடம்பில் மட்டும் மெல்லத் தொட்டு ஆடுகிற ஸ்பாரிங் என்றால், எதிரே நிற்பவர் நிதானமானவராகவும் இருந்தால், தாராளமாகப் போங்கள்.