மூத்த மருந்துப் பிரதிநிதிகள் ஏன் விலகுகிறார்கள்: கேள்வி பதில்

தென் மாவட்டங்களில் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகத் தொடங்கி, ஏரியா மேனேஜராகவும் மண்டல மேலாளராகவும் இருந்துவிட்டு, இப்போது இத்துறைக்குப் புதிதாக வருவோருக்குப் பயிற்சியளித்து வருகிறேன். களப்பணியாளர்களின் சோர்வையும் மூத்தவர்களின் விலகலையும் பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மூத்த பிரதிநிதி: எங்கள் டீமில் ஓராண்டுக்குள் அனுபவமுள்ள நான்கு பேர் விலகிவிட்டார்கள். எல்லோரும் கூடுதல் சம்பளத்துக்காகவே போனார்கள் என்று நிர்வாகம் சொல்கிறது. அது சரியா, ஐயா?

ராஜினாமா கடிதத்தில் எவரையும் பகைத்துக்கொள்ளாமல் எழுதக்கூடிய காரணம் அது ஒன்றுதான் என்பதால் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். நல்ல பெயருள்ள மூத்த பிரதிநிதிக்கு வேறு நிறுவனங்களின் அழைப்பு எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். பல ஆண்டுகள் அதை மறுத்து வந்தவர் ஒரு குறிப்பிட்ட மாதத்தில் மட்டும் ஏன் சம்மதித்தார் என்றுதான் நிர்வாகம் விசாரிக்க வேண்டும்.

நான் பார்த்தவரை அதற்கான விடை பெரும்பாலும் க்ளோசிங்கில், அதாவது மாதக் கடைசியில் விற்பனைக் கணக்கை முடிக்கும் நாட்களில், இருக்கிறது. நிறுவனத்திடமிருந்து ஸ்டாக்கிஸ்டுக்கு, அதாவது மொத்த விநியோகஸ்தருக்கு, போகும் சரக்கு பிரைமரி விற்பனை; ஸ்டாக்கிஸ்டிடமிருந்து மருந்துக் கடைகளுக்குப் போவது செகண்டரி. மருத்துவர் எழுதும் சீட்டின் பலன் செகண்டரியில்தான் தெரியும் என்றாலும், பல நிறுவனங்களில் டார்கெட்டும் இன்சென்டிவும் பிரைமரியை வைத்தே கணக்கிடப்படுகின்றன. அதனால் மாதத்தின் கடைசி மூன்று நாட்களில், விற்காது என்று தனக்கே தெரிந்த சரக்கை எடுத்துக்கொள்ளும்படி ஸ்டாக்கிஸ்டிடம் கெஞ்சும் வேலை பிரதிநிதியின் தலையில் விழுகிறது. புதியவருக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்த ஸ்டாக்கிஸ்டின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்த மூத்தவருக்கு, தன் சொல்லை நம்பிப் பணம் போட்டவரைத் தானே சிக்கவைப்பது அது. பிறகு அந்தச் சரக்கு காலாவதியாகித் திரும்ப வரும்போது, எக்ஸ்பைரி அதிகம் என்று அவரிடமே விளக்கம் கேட்கப்படும்.

இதோடு டார்கெட் போடும் முறையும் சேர்ந்துகொள்கிறது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையை, 2013 ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, ஓராண்டில் 10 சதவீதம் வரை உயர்த்திக்கொள்ளலாம். அப்படி விலையால் கூடிய தொகையும் அறிக்கையில் வளர்ச்சியாகவே பதிவாகிறது. அடுத்த ஆண்டின் டார்கெட் அதற்கும் மேல் ஏற்றப்படுகிறது. சீட்டுகளின் எண்ணிக்கை கூடவில்லை, இந்த ஊரில் இதற்கு மேல் கூடவும் வழியில்லை என்று ஏரியாவை அறிந்தவர் எடுத்துச் சொல்லும்போது, அதை எதிர்மறை மனப்பான்மை என்று கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் முத்திரை குத்துகிறார்கள். தன் ஏரியாவைப் பற்றித் தான் சொல்வதற்கே மதிப்பில்லை என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் வேறு நிறுவனத்தின் அழைப்புக்கு மறுமொழி அனுப்புகிறார்.

திருச்சியிலிருந்து ஓர் ஏரியா மேனேஜர்: ஒருவர் விலகப்போகிறார் என்பதை முன்கூட்டியே அறிய வழியுண்டா?

கூட்டத்தில் டார்கெட்டைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று வாதிடுவதை நிறுத்தி, கொடுத்த எண்ணுக்கெல்லாம் தலையாட்டத் தொடங்கினால் கவனியுங்கள். அதே காலத்தில் அவருடைய தினசரி ரிப்போர்ட் குறை சொல்ல முடியாதபடி சீராகிவிடும். டூர் புரோகிராமில் மாற்றம் கேட்க மாட்டார். சாம்பிள் போதவில்லை என்று சண்டை போட மாட்டார். இவற்றை ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டு பாராட்டிய மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். தொல்லை தருகிறார் என்று நீங்கள் நினைக்கும் மூத்தவர் இன்னும் அந்த வேலையைத் தன் வேலையாக நினைக்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

சென்னையிலிருந்து மனிதவளத் துறை அலுவலர்: ஒரு மூத்தவரின் சம்பளத்தில் ஏறத்தாழ இரண்டு புதியவர்களை எடுக்கலாம் என்பது எங்கள் நிர்வாகத்தின் கணக்கு. அதில் என்ன தவறு?

சம்பளப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் தவறே இல்லை. ஆனால் மூத்தவரோடு சேர்ந்து எது வெளியே போகிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. எந்த மருத்துவர் புறநோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு பிரதிநிதிகளைச் சந்திப்பார், எவர் வியாழக்கிழமை மட்டும் பக்கத்து ஊரில் அமர்வார், எந்தக் கடைக்காரர் சீட்டில் உள்ள பிராண்டை விட்டு வேறொன்றைக் கொடுப்பார், எந்த ஸ்டாக்கிஸ்டின் காசோலை திரும்பி வரும் என்பவையெல்லாம் எந்த மென்பொருளிலும் முழுமையாக ஏறுவதில்லை. மருத்துவர் பட்டியல் நிறுவனத்தின் கணினியில் இருக்கும். அந்த மருத்துவர் கதவைத் திறந்து உள்ளே அழைப்பது பட்டியலைப் பார்த்தல்ல.

அண்மைக் கால உதாரணம் ஒன்று சொல்கிறேன். எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்தின் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்தது. உடனே பல நிறுவனங்கள் தத்தம் பிராண்டுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. மூலக்கூறு ஒன்று, அளவும் ஒன்று, விலையில் மட்டும் ஏற்ற இறக்கம். அத்தகைய வாரங்களில் ஒரு நீரிழிவு மருத்துவரின் அறை வாசலில் வரிசையாக நிற்கும் பிரதிநிதிகள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே செய்தியைத்தான் சொல்வார்கள். அங்கே விலைக்கு அடுத்தபடியாக வேலை செய்வது, முன்பு ஒரு மருந்தின் பக்கவிளைவைப் பற்றிக் கேட்டபோது மழுப்பாமல் பதில் சொன்னவர் யார், சரக்கு கிடைக்காத நாளில் ஓடிவந்து ஏற்பாடு செய்தவர் யார் என்ற நினைவுதான். காப்புரிமை முடியும் ஒவ்வொரு மருந்துக்கும் இதுவே நடக்கப்போகிறது. நீங்கள் எடுக்கும் இரண்டு புதியவர்களுக்கு அந்த நினைவில் இடம் கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகும். இப்போதைய நிலையில் அவர்கள் அதுவரை உங்களிடம் இருப்பதும் அரிது.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். விலகியவர் பெரும்பாலும் அதே ஊரில், அதே மருத்துவர்களிடம், உங்கள் போட்டி நிறுவனத்தின் பையோடு வருவார். அதைத் தடுக்க நியமனக் கடிதத்தில் எழுதும் நிபந்தனை, வேலையை விட்ட பிறகான காலத்துக்கு, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27 ஆம் பிரிவின்முன் பொதுவாக நிற்பதில்லை.

திருநெல்வேலியிலிருந்து ஒரு பிரதிநிதி: மருத்துவமனை வாசலில் நின்று செயலியில் பதிந்தால்தான் கால் (மருத்துவர் சந்திப்பு) கணக்கில் வருகிறது. இருபது ஆண்டுகள் உழைத்தவனையும் திருடனைப் போலக் கண்காணிப்பது நியாயமா?

வேலை நேரத்தில் வேலை நடக்கிறதா என்று அறிய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. பொய் ரிப்போர்ட் எழுதுவோர் நம் தொழிலில் எப்போதும் இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நான் எதிர்ப்பது இடத்தைச் சந்திப்பாகக் கணக்கிடுவதை. சிற்றூர்களில் மருத்துவரை நர்சிங் ஹோம் போர்ட்டிகோவிலும், இரவு பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலிலும், சில நேரம் கார் கதவருகிலும் பார்க்கிறோம். பலன் தரும் உரையாடல்கள் பல அங்கேதான் நடக்கின்றன. செயலிக்கு அவை கண்ணில் படுவதில்லை. அதனால் பிரதிநிதி குறித்த இடத்துக்குப் போய்ப் பதிந்துவிட்டு, மருத்துவரைப் பார்க்காமலே அடுத்த இடத்துக்கு நகர்கிறார். கால் எண்ணிக்கை கூடுகிறது, சீட்டு கூடுவதில்லை. வேலை நேரத்துக்குப் பிறகும் விடுப்பு நாளிலும் செயலி இருப்பிடத்தைத் தொடருமானால், அதைத் தனியாக அல்லாமல் தொழிற்சங்கத்தின் வழியாக எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

மதுரையிலிருந்து, பணியில் சேர்ந்து மூன்றாண்டு ஆன ஒருவர்: மருத்துவர்களுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது என்று பயிற்சியில் சொல்கிறார்கள். களத்தில் மேலாளர் வேறு மாதிரி பேசுகிறார். எதைக் கேட்பது, சார்?

பயிற்சியில் சொன்னதைக் கேளுங்கள். மத்திய அரசின் மருந்துகள் துறை 2024 மார்ச் 12 அன்று வெளியிட்ட மருந்துச் சந்தைப்படுத்தல் நெறிமுறை, மருத்துவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ பரிசும் பயணச் செலவும் தருவதைத் தடுக்கிறது; சந்திப்புக்காகப் பிரதிநிதி பணமோ சலுகையோ கொடுக்கக்கூடாது என்கிறது; பிரதிநிதியின் நடத்தைக்கு நிறுவனமே பொறுப்பு என்றும் சொல்கிறது. அதற்கு முன்பே, 2022 பிப்ரவரியில், சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் தொடர்ந்த வழக்கில், மருத்துவர்களுக்குக் கொடுத்த இலவசங்களை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

நேர்மையான மூத்தவர்களில் பலர் இந்த நெறிமுறையை உள்ளூர வரவேற்கிறார்கள் என்பது என் அனுபவம். மருந்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவனுக்கு அது சாதகமானது. அவர்களை உடைப்பது, நெறிமுறைக்குக் கட்டுப்படுவதாக எழுதி வாங்கிக்கொண்டு, பழைய டார்கெட்டை அப்படியே வைத்து, எப்படியாவது முடியுங்கள் என்று தொலைபேசியில் மட்டும் சொல்லும் இரட்டைப் பேச்சு. அப்படி ஒரு கட்டளை வந்தால் மின்னஞ்சலில் அனுப்பும்படி மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அனுப்ப மாட்டார்கள். எக்காரணம் கொண்டும் சொந்தப் பணத்தை இறக்காதீர்கள். அது திரும்பி வராது, பழி மட்டும் உங்களுக்கு வரும்.

சேலத்திலிருந்து, நாற்பத்தாறு வயதுப் பிரதிநிதி: ராஜினாமா செய்யுங்கள், இல்லையென்றால் வடகிழக்கு மாநிலத்துக்கு மாற்றுவோம் என்கிறார்கள். என் பதவியின் பெயரில் மேனேஜர் என்று இருப்பதால் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்றும் சொல்கிறார்கள்.

முதலில், அழுத்தத்துக்குப் பணிந்து ராஜினாமா கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள். கையெழுத்திட்ட பிறகு, அது கட்டாயத்தின் பேரில் வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை உங்கள்மேல் விழும்.

விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கெனத் தனிச் சட்டம் 1976 இல் வந்தது; தொழில் தகராறுகள் சட்டத்தின் பாதுகாப்பும் அதன் வழியாகவே நமக்குக் கிடைத்தது. மருந்துப் பிரதிநிதி பொது வரையறைப்படி தொழிலாளர் அல்லர் என்று 1994 இல் சாண்டோஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு சொன்னது உண்மை. ஆனால் 1976 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு அதனால் இல்லாமல் போகவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தத் தனிச் சட்டம் இணைக்கப்பட்டுவிட்டது. தொழிலுறவுத் தொகுப்பின் தொழிலாளர் வரையறை விற்பனை மேம்பாட்டு ஊழியர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மேனேஜர் என்று அட்டையில் அச்சிட்டால் மட்டும் ஒருவர் நிர்வாகி ஆகிவிடுவதில்லை. உங்கள் கீழ் எவருமில்லாமல், நீங்களே பையைத் தூக்கிக்கொண்டு மருத்துவர்களைப் பார்க்கிறீர்கள் என்றால், நீதிமன்றம் பார்ப்பது அந்த வேலையின் தன்மையைத்தான்.

நியமனக் கடிதத்தில் மாற்றல் நிபந்தனை இருந்தால் மாற்றலையே சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. ஆனால் நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில், தீய நோக்கத்தோடு ஒரு தொழிலாளரை மாற்றுவது முறையற்ற தொழில் நடவடிக்கைகளின் பட்டியலில் இருக்கிறது. ராஜினாமாவுக்கு மாற்றாக மாற்றல் முன்வைக்கப்பட்டது என்பதற்கான ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் பாதுகாத்து வையுங்கள். சங்கத்தில் உறுப்பினராக இல்லையென்றால் இன்றே சேர்ந்து, அவர்கள் மூலம் தொழிலாளர் துறையை அணுகுங்கள். எப்படி முடிந்தாலும், ஐந்தாண்டுத் தொடர் பணி இருந்தால் பொதுவாகப் பணிக்கொடை உங்கள் உரிமை: பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். செட்டில்மென்ட் பேரத்தில் அதை நிறுவனத்தின் கருணையாகக் காட்டுவார்கள்; ஏமாறாதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து ஒரு பெண் பிரதிநிதி: மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியபோது முழு ஆண்டு டார்கெட் அப்படியே இருந்தது. இன்சென்டிவ் முழுவதும் போய்விட்டது.

சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பு உண்டு. அந்த வாரங்களை டார்கெட்டில் கழிக்காமல் விடுவது, கொடுத்ததை வேறு வழியாகத் திரும்ப எடுப்பதுதான். விடுப்புக் காலத்தைக் கழித்து இன்சென்டிவைக் கணக்கிடும்படி மனிதவளத் துறைக்கு எழுதுங்கள், மேலாளருக்கு நகல் போதும். இத்துறைக்குப் பெண்கள் முன்பைவிட அதிகமாக வருகிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அவர்களில் பலர் விலகுவதற்கு இத்தகைய கணக்குகளும் ஒரு காரணம்.

சென்னையில் சிறிய மருந்து நிறுவனம் நடத்துபவர்: பெரிய நிறுவனங்கள் தரும் சம்பளத்தை என்னால் தர முடியாது. இருக்கும் ஏழெட்டு மூத்தவர்களையாவது தக்கவைக்க என்ன செய்யலாம்?

அதிகச் செலவில்லாத சில காரியங்களைச் சொல்கிறேன். இன்சென்டிவைச் செகண்டரி விற்பனையின்மேல் போடுங்கள். முதல் இரண்டு காலாண்டுகள் உங்கள் பிரைமரி எண் சரியும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பயணச் செலவுப் பணத்தை மாதந்தோறும் குறித்த தேதியில் போட்டுவிடுங்கள். பெட்ரோலுக்குக் கடன் வாங்கி உங்கள் வேலையைப் பார்ப்பவரிடம் விசுவாசத்தை எதிர்பார்க்க முடியாது. டார்கெட்டை அறிவிக்கும் முன் மூத்தவரிடம் அவருடைய எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் எண் அதைவிட அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் எந்த மருத்துவரிடமிருந்து வரும் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பெயர் சொல்ல முடியவில்லை என்றால் எண்ணைக் குறையுங்கள்.

எல்லா மூத்தவர்களையும் மேனேஜராக்கவும் வேண்டாம். நன்றாக விற்பவரை மேனேஜராக்கி, நல்ல பிரதிநிதி ஒருவரை இழந்து, சுமாரான மேலாளர் ஒருவரைப் பெறுவது இத்துறையின் பழைய வழக்கம். களத்திலேயே இருக்க விரும்புபவருக்கு ஏரியா மேனேஜருக்குச் சமமான சம்பளப் படியைக் கொடுத்து, புதியவர் ஒருவரை ஆறு மாதம் அவரோடு அனுப்புங்கள். அந்த ஆறு மாதத்துக்குப் புதியவருக்குத் தனி டார்கெட் வேண்டாம். இருவருக்கும் சேர்த்து ஒரே எண் போதும், இல்லையென்றால் கற்றுக்கொடுப்பவர் தன் விற்பனையைத் தானே பங்கு போட்டுக் கொடுத்தவர் ஆகிவிடுவார்.