சூரமங்கலத்துக்கென்று வரலாறு இல்லையா?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் சூரமங்கலம். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இப்போது ஓசூரில் இருக்கிறேன். சொந்த ஊரைப் பற்றி எழுதிவரச் சொல்லி மகனுக்குப் பள்ளியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். தேடினால் 'சேலம் மாநகராட்சியின் ஒரு மண்டலம்' என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. சேலத்தின் கோட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை பகுதிகள் மாதிரி எங்கள் பகுதிக்கென்று வரலாறு கிடையாதா? சேலம் பெருத்தபோது ஒட்டிக்கொண்ட ஊர்தானா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

ஒட்டிக்கொண்ட ஊர் இல்லை. 1994-ல் சேலம் மாநகராட்சி ஆனபோதுதான் சூரமங்கலம் அதற்குள் போனது, அதுவரை அது தனி நகராட்சி. உங்கள் அப்பா அந்த நகராட்சிக்கு வீட்டுவரி கட்டியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு வரைபடத்தை விரித்து மகனிடம் காட்டுங்கள். ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ரயில் பாதை பொம்மிடி, லோக்கூர் வழியாக சேர்வராயன் மலையின் மேற்குப் பக்கமாகவே இறங்கி, கருப்பூரைத் தாண்டி, அப்படியே சங்ககிரி, ஈரோடு என்று தென்மேற்கே போய்விடுகிறது. பழைய சேலமோ திருமணிமுத்தாற்றங்கரையில், கோட்டை மாரியம்மனையும் சுகவனேஸ்வரரையும் சுற்றிக் கிழக்கே இருக்கிறது. 1860-களின் தொடக்கத்தில் ரயில் வந்தபோது ஸ்டேஷன் ஊருக்குள் வரவில்லை, சில கிலோமீட்டர் தள்ளி சூரமங்கலத்தில் நின்றது. உங்கள் ஊரின் கதை அந்த இடைவெளியில்தான் ஆரம்பிக்கிறது. 1866-ல் சேலம் நகராட்சி ஆனது, ஆனால் சேலத்துக்கு ரயிலில் வந்த எவரும் முதலில் கால் வைத்தது சூரமங்கலத்தில். ரயில்வே குவார்ட்டர்ஸ், சரக்குக் கிடங்கு, அவற்றை நம்பி வந்த கடைகள் என்று ஊர் ஸ்டேஷனைச் சுற்றி வளர்ந்தது. டவுனுக்கும் செவ்வாய்ப்பேட்டை மார்க்கெட்டுக்கும் இங்கிருந்து தனியாகப் பாதை போட வேண்டியிருந்தது, அதுதான் ஆத்தூர் வழியாக விருத்தாசலம் வரை நீண்டது. அப்புறம் ஓமலூர் வழியாக மேட்டூருக்கும் தர்மபுரிக்கும் பாதைகள், கடைசியாக 2013-ல் நாமக்கல் வழியே கரூருக்கு. அகலப் பாதையும் அதைவிடக் குறுகலான மீட்டர் பாதையும் பல பத்தாண்டுகள் அக்கம்பக்கமாக ஓடிய ஸ்டேஷன் அது.

2007-ல் சேலம் ரயில்வே கோட்டம் பிறந்ததையும் மகன் கட்டாயம் எழுத வேண்டும். பாலக்காடு கோட்டத்திலிருந்து பெரும்பகுதியைப் பிரித்துத்தான் அதை உண்டாக்கினார்கள், கேரளத்தில் எதிர்ப்பு பலமாகவே இருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் இன்று இந்தக் கோட்டத்துக்குள்தான். ஒரு மண்டலம் என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்களே, அந்த இடத்திலிருந்துதான் கொங்கு நாட்டின் ரயில்களில் பெரும்பாலானவற்றைக் கவனித்துக்கொள்கிறார்கள்.

ரயிலைத் தவிரவும் இருக்கிறது. வடக்கே வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் சுரங்கங்கள். எஃகு உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய செங்கல்லுக்கு அந்தக் கல்தான் மூலப்பொருள், சேலம் ஜங்ஷனுக்கு அடுத்த ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்றுதான் பெயர். மேற்கே கஞ்சமலைப் பக்கம் இரும்பாலை, 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி 1981-ல் எவர்சில்வர் தகடு உருட்ட ஆரம்பித்தது. கஞ்சமலையில் இரும்புத்தாது கிடந்தும் ஆலை தாதுவை உருக்கும் ஆலையாக வரவில்லை என்பதில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு.

கோட்டைக்கும் குகைக்கும் கோயில் இருக்கிறது, கல்வெட்டும் தலபுராணமும் சொல்ல ஆள் இருக்கிறார்கள். சூரமங்கலத்தின் வரலாறு வேலை பார்த்தவர்களின் ஞாபகத்தில்தான் இருக்கிறது, அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் மகன் இணையத்தில் தேடுவதை விட்டுவிட்டுத் தாத்தா பக்கத்தில் உட்காரட்டும். எந்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தார், எந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தார், மீட்டர் பாதை வண்டியில் வந்த சரக்கை அகலப் பாதை வண்டிக்கு எப்படி மாற்றினார்கள், மாநகராட்சியோடு சேர்த்தபோது தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள், இதையெல்லாம் கேட்டு எழுதட்டும். பள்ளிக்குக் கொடுத்த பிறகு எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.