பாலடினா, கிளெரிக்கா? சுங்கை சிப்புட்டிலிருந்து சில கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நண்பர்கள் இந்தப் பள்ளி விடுமுறையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடத் தொடங்குகிறார்கள். பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்துக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம் அது. கல்லறைகளிலிருந்து எழுந்துவரும் பிணப்படையை எதிர்த்து ஓர் எல்லைக் கிராமத்தைக் காப்பதுதான் கதை. அதனால் எல்லோருக்கும் புனித சக்தியோடு போரிடும் கிளெரிக், பாலடின் என்ற இரு கதாபாத்திர வகைகளின் மீதே கண். பதில்கள் 2014 விதிநூலின்படி.

அண்ணா, நான் செம்பனைத் தோட்டத்தில் கிராணி. இதுவரை ஆடியதே இல்லை. கிளெரிக், பாலடின் இரண்டில் எதை எடுக்கலாம்?

தம்பி, எண்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் உங்கள் ஆள் எதற்குக் கட்டுப்பட்டவன் என்று முடிவு செய்யுங்கள். கிளெரிக்குக்குச் சக்தி அவனுடைய தெய்வத்திடமிருந்து வருகிறது. பாலடினுக்கு அது அவன் எடுத்த சபதத்திலிருந்து வருகிறது. தீமிதிக்குக் காப்புக் கட்டியவரைப் பாருங்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிய பிறகு அவருடைய உணவு, பேச்சு, நடை எல்லாம் மாறிவிடும். பாலடின் ஆயுள் முழுவதும் அந்தக் காப்போடு வாழ்பவன். அந்தக் கட்டுப்பாட்டை நடித்துக்காட்ட ஆசை இருந்தால் பாலடினை எடுங்கள்.

விதியளவில் வேறுபாடு பெரிது. கிளெரிக்குக்கு முதல் லெவலிலேயே (ஆட்டத்தில் கதாபாத்திரம் வளரும் படிநிலை) மந்திரம் உண்டு. உயிர்ப்புள்ளிக்கு (எவ்வளவு அடி தாங்குவான் என்பதன் அளவு) எட்டுமுகப் பகடை, முக்கியப் பண்பு ஞானம். பாலடினுக்குப் பத்துமுகப் பகடை, ஆனால் மந்திரம் இரண்டாம் லெவலில்தான் வரும், அதுவும் மெதுவாகவே வளரும். அவனுக்கு உடல்பலமும் வேண்டும், கவர்ச்சியும் வேண்டும். புதியவருக்குப் பாலடினே எளிது என்பது என் எண்ணம். கிளெரிக் தன் முழு மந்திரப் பட்டியலிலிருந்து தினமும் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் நாளிலேயே அது தலைசுற்ற வைக்கும்.

நான் தாதி. ஆட்டத்திலும் குணப்படுத்தவே விருப்பம். ஆனால் பின்னால் நின்று காயத்துக்குக் கட்டுப்போட்டே பொழுது போய்விடுமா, அண்ணா?

போகாது, தங்கச்சி. லைஃப் டொமைன் (தெய்வத்தின் உயிர்காக்கும் துறை) கிளெரிக்கை எடுங்கள். கனமான கவசம் அணியலாம். ஒவ்வொரு குணமாக்கும் மந்திரத்தோடும் அந்த மந்திரத்தின் லெவலுடன் (உங்கள் கதாபாத்திரத்தின் லெவல் அல்ல) இரண்டைக் கூட்டிய அளவு உயிர்ப்புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். முதல் லெவல் மந்திரம் என்றால் மூன்று.

ஆனால் சிறு காயத்துக்கெல்லாம் மந்திரத்தைச் செலவழிக்காதீர்கள். ஒருவர் பூஜ்யத்துக்கு இறங்கி விழுந்த பிறகு 'ஹீலிங் வோர்ட்' சொல்லி எழுப்புங்கள். 60 அடி தூரத்திலிருந்தே சொல்லலாம். அது போனஸ் ஆக்‌ஷன் (வழக்கமான செயலுக்கு மேல் ஒரு சிறு செயல்) என்பதால் அதே சுற்றில் உங்கள் கதாயுதத்தாலும் ஓர் அடி கொடுக்கலாம். ஐந்தாம் லெவலில் 'ஸ்பிரிட் கார்டியன்ஸ்' வந்ததும் ஆட்டமே மாறிவிடும். காவல் ஆவிகள் உங்களைச் சுற்றிச் சுழலும்; நெருங்கும் பிணங்கள் தாமாகவே அடிபடும். அப்போது நீங்கள் நிற்க வேண்டிய இடம் முன்வரிசை.

ஐந்தாம் படிவ மாணவன் அண்ணா. பாலடினின் புனித அடியான டிவைன் ஸ்மைட்டால் எவ்வளவு அடிக்கலாம்?

முதல் லெவல் மந்திர இடத்தை (மந்திரம் போட உனக்குள்ள வாய்ப்புகளில் ஒன்று) செலவழித்தால் இரண்டு எட்டுமுகப் பகடை கூடுதல் சேதம். எதிரி பிணவகை என்றால் இன்னும் ஒன்று. உன் அடி எதிரி மேல் பட்ட பிறகே இதை அறிவிக்கலாம். ஆகவே கிரிட்டிக்கல் (இருபதுமுகப் பகடையில் 20) விழும்வரை பொறுத்திரு, பகடைகள் இரட்டிப்பாகும். இரண்டாம் லெவலில் உனக்கு இருப்பவை இரண்டே இடங்கள்.

பாலடின் எப்போதும் நல்லவனாகத்தான் இருக்க வேண்டுமா? எனக்குப் பழிவாங்கும் சபதம் பிடித்திருக்கிறது.

பழைய பதிப்புகளில் அப்படி விதி இருந்தது, இப்போது இல்லை. மூன்றாம் லெவலில் சபதத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். நீங்கள் கேட்கும் வெஞ்சன்ஸ் சபதத்தின் பெரிய பலம், ஒரே எதிரியைக் குறிவைத்து வீழ்த்துவது. உங்கள் கதையில் வருவதோ கூட்டம். பிணங்களை விரட்டும் ஆற்றல் உள்ள டிவோஷன் சபதமே இங்கு பொருந்தும். எல்லாப் பிணங்களுக்கும் பின்னால் ஒரே மந்திரவாதி இருக்கிறான் என்று கதையை நடத்தும் உங்கள் டன்ஜன் மாஸ்டர் சொன்னால், நீங்கள் விரும்பியதையே எடுங்கள்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். எங்கள் தோட்டத்து முனீஸ்வரரையே என் கிளெரிக்கின் தெய்வமாக வைக்கலாமா?

வேண்டாம், டீச்சர். ஆட்டத்தில் தெய்வத்தோடு வாதாடுவார்கள், பேரம் பேசுவார்கள், சில கதைகளில் தெய்வம் தோற்றும் போகும். உங்கள் அப்பா சுருட்டும் எலுமிச்சையும் வைத்துக் கும்பிடும் சாமியைப் பகடைக்கு முன்னால் நிறுத்தினால், மேசையில் ஒருவர் மனமாவது நோகும்.

அந்த வழிபாட்டின் உணர்வை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையில் நிற்பவர், இரவில் உறங்காதவர், சொன்ன நேர்த்தியை மறந்தால் கேள்வி கேட்பவர். இந்த மூன்று குணங்களோடு அந்தக் கற்பனை உலகத்துக்கென ஒரு காவல் தெய்வத்தைப் படையுங்கள். டொமைன் 'லைட்', அதாவது ஒளி, என்று இருக்கட்டும். எதிரி தாக்கும் நொடியில் ஒளியைப் பாய்ச்சி அவன் குறியைத் தடுமாற வைக்கலாம். ஐந்தாம் லெவலில் 'ஃபயர்பால்' என்ற தீப்பந்து மந்திரம் கிடைக்கும். கும்பிடுவோர் என்ன நேர்ந்துகொள்வார்கள், எதைச் செய்யவே மாட்டார்கள் என்று இரண்டு வரி எழுதி டன்ஜன் மாஸ்டரிடம் கொடுங்கள். கதைக்கு அதுவே தீனி.

தாதி அக்காவும் டீச்சரும் இருவருமே கிளெரிக் என்றால் வீணாகாதா?

ஆகாது. இரண்டாம் லெவலிலிருந்தே இருவரும் 30 அடிக்குள் இருக்கும் பிணங்களை விரட்டலாம். ஐந்தாம் லெவலில், அந்த ஆற்றலுக்குத் தப்ப முடியாத சாதாரண எலும்புக்கூடுகள் அங்கேயே அழிந்துபோகும். ஒன்று மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: செத்தவரை ஒரு நிமிடத்துக்குள் மீட்கும் 'ரிவிவிஃபை' மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் தேவை. அது யார் பையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.