வளைகாப்புக்கு என்ன வாங்கிப் போவது? நலங்கு வைக்க யார் போகலாம்?

கேள்வி: அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைத் தோழிக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. தாம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடக்கிறது. அவள் கும்பகோணத்துப் பெண், நான் கோவைக்காரி. எங்கள் டீமில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து குழந்தைக்குத் தள்ளுவண்டியும் உடுப்பு செட்டும் ஆன்லைனில் ஆர்டர் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். போனில் அம்மாவிடம் சொன்னால், "பொறக்காத பிள்ளைக்கு எதுவும் வாங்கிட்டுப் போகாதே கண்ணு" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதா? பணமாகக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? இன்னொன்று. எனக்குத் திருமணமாகி ஐந்து வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. மேடைக்குக் கூப்பிட்டால் நான் நலங்கு வைக்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். வளைகாப்பு குழந்தைக்கான விழா இல்லை, குழந்தையைச் சுமக்கிற பெண்ணுக்கான விழா. அன்று கொடுப்பதெல்லாம் அவள் உடுத்த, அவள் சாப்பிட, அவள் கைக்குப் போட என்று இருக்க வேண்டும். தொட்டில், உடுப்பு, பொம்மை எல்லாம் குழந்தை பிறந்த பிறகுதான். வயிற்றுப் பிள்ளைக்கு முன்கூட்டியே சாமான் சேர்த்தால் கண் படும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கண்ணேறில் உங்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிரசவம் என்றாலே தாயும் பிள்ளையும் பிழைப்பார்களா என்று வீடே நடுங்கிய காலத்தில் வந்த வழக்கம் இது. இன்றைக்கும் ஏதாவது தவறாகிப் போனால், மூலையில் பிரிக்காமல் கிடக்கும் தள்ளுவண்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போவது அந்தப் பெண்தான். நம் பக்கத்துப் பல வீடுகளில் பிறந்த குழந்தைக்கே முதலில் புதுத்துணி போட மாட்டார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணிதான். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ உடுப்பு செட்டோடு போய் நின்றால், வாயால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். முகம் மட்டும் மாறும்.

ஓட்டல் ஹாலில் கேக் வெட்டி, விளையாட்டு வைத்து, 'பேபி ஷவர்' என்றே அழைப்பு அடிப்பவர்களும் இப்போது உண்டு. அங்கே குழந்தைச் சாமானைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள், சிலர் பட்டியலே அனுப்புவார்கள். உங்களுக்கு வந்திருப்பது மண்டபத்து வளைகாப்பு. அழைப்பிதழில் பெரியவர்கள் பெயர் போட்டு முகூர்த்த நேரமும் இருந்தால் பழைய முறைப்படியே நடந்துகொள்ளுங்கள்.

சீர்த்தட்டு அடுக்கித் தரும் வேலையில் இருப்பதால், மேடைக்கு வரும் பரிசுகள் பிறகு என்ன ஆகின்றன என்று எனக்கு ஓரளவு தெரியும். உண்மையிலேயே பயன்படுகிறவை சிலதான். மெல்லிய பருத்திப் புடவை, முன்பக்கம் திறக்கிற பருத்தி நைட்டி, பாலூட்ட வசதியான குர்தி, நல்ல பேரீச்சை, அத்தி, உப்புப் போடாத பாதாம். பட்டுப்புடவை அழகுதான், ஆனால் அவள் அதைக் கட்டுவதற்கு இன்னும் ஆறு மாதமாவது ஆகும். தைத்த ரவிக்கை, சுடிதார் என்று அளவு பார்த்து வாங்க வேண்டியதைத் தொடாதீர்கள். அளவு மாறிக்கொண்டே இருக்கிற காலம் இது. பழக்கூடை கொண்டுபோவதானால் பப்பாளியும் அன்னாசியும் வேண்டாம். பழுத்த பப்பாளியையும் அளவான அன்னாசியையும் மருத்துவர்கள் பெரிதாகத் தடுப்பதில்லை, பால் வடியும் பப்பாளிக் காய்தான் ஆகாது என்பார்கள். இருந்தாலும் அந்தச் சபையில் மாமியாருக்கு மருத்துவப் பாடம் எடுக்கிற வேலை உங்களுக்கு எதற்கு? மாதுளையும் ஆப்பிளும் போதும்.

வளையல் வாங்கிப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. தாராளமாகப் போகலாம், அதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது. சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல் நான்கு டஜன் வாங்கினால் செலவும் பெரிதில்லை. ஆனால் அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். கடையில் 2.4, 2.6 என்று சொல்வது தசமக் கணக்கு இல்லை, பழைய அங்குலக் கணக்கு. 2.4 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டேகால் அங்குல விட்டம். 2.6 அதற்கு மேல் பதினாறில் இரண்டு பங்கு. வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கை வீங்கியிருக்கும். தோழி வழக்கமாக 2.4 போடுகிறவள் என்றால் 2.6 வாங்குங்கள். வீக்கம் அதிகம் என்றால் 2.8. மேடையில் அளவு சிறிய வளையலை இறுக்கித் தள்ளி அது உடைந்தால், கையில் கீறல் படுவது ஒரு பக்கம். "அபசகுனம்" என்று யாராவது முணுமுணுப்பது அவள் காதில் விழுவது இன்னொரு பக்கம். ஓரம் சொரசொரப்பாக இருக்கிறதா என்று கடையிலேயே விரலால் தடவிப் பாருங்கள். ஜிகினா உதிர்கிற ரகமும் வேண்டாம்.

பணம் கொடுப்பது தப்பே இல்லை. கவரில் போட்டு 501, 1001 என்று ஒன்றில் முடியும்படி வையுங்கள். மேடையில் அவள் கையில் திணிக்க வேண்டாம். இரண்டு கையிலும் சந்தனத்தோடும் வளையலோடும் உட்கார்ந்திருப்பவள் கவரை எங்கே வைப்பாள்? அவள் அம்மாவிடமோ பக்கத்தில் இருக்கும் உறவுக்காரரிடமோ கொடுத்துவிடுங்கள். கவரின் மேல் பெயர் எழுதுங்கள். பெயரில்லாத கவரால் இரவு கணக்குப் பார்க்கிற வீட்டில் பெரிய குழப்பம் வரும். மொய் நோட்டு வைத்திருந்தால் அங்கே எழுதிக்கொள்வார்கள். வைக்கவில்லை என்றால் 'எழுதவில்லையா' என்று கேட்கக் கூடாது.

உங்கள் டீம் சேர்த்திருக்கும் தொகையை இரண்டாகப் பிரியுங்கள் என்பேன். ஒரு பங்கில் தோழிக்குப் புடவையும் வளையலும் தட்டு நிறையப் பழமும் பூவும். மறு பங்கை யாராவது ஒருவர் பத்திரமாக வைத்திருக்கட்டும், குழந்தை பிறந்த பிறகு அதற்கு வேலை வரும்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. நீங்கள் தாராளமாக நலங்கு வைக்கலாம். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் சுமங்கலிகள் முதலில் வைப்பார்கள், அதில் உங்களைக் கூப்பிட்டால் நீங்களும் போகலாம். பிள்ளை பெற்றவர்கள்தான் வைக்க வேண்டும் என்று சில வீடுகளில் சொல்வது உண்டு. ஆனால் அதே ஊர்களில்தான் கர்ப்பிணிக்குப் பக்கத்தில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்ணை உட்கார வைத்து, அவள் கைக்கும் வளையல் போடும் வழக்கமும் இருக்கிறது. ஆடிப்பூரத்தன்று அம்மன் கோயில்களில் அம்பாளுக்கு வளைகாப்பு நடத்தி, சாத்திய வளையலைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்கிப் போகிறவர்களில் பிள்ளை வரம் வேண்டி நிற்பவர்கள் நிறைய. உங்கள் தோழியின் ஊர்ப்பக்கமே, பாபநாசத்துக்கு அருகில், திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் இருக்கிறது. குழந்தை வேண்டி வருபவர்களுக்கு நெய்யும், சுகப்பிரசவம் வேண்டி வருபவர்களுக்கு வயிற்றில் தடவிக்கொள்ள விளக்கெண்ணெயும் அங்கே பிரசாதம். இரண்டு பேரும் ஒரே சந்நிதியில், ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே வழக்கத்தைக் காட்டி உங்களை யாராவது ஒதுக்கினால், அவர்களுக்கு வழக்கம் பாதிதான் தெரியும்.

வைக்கலாமா என்பது வேறு, வைக்க உங்களுக்கு மனமிருக்கிறதா என்பது வேறு. உங்கள் சங்கடம் வேறு இடத்திலிருந்துகூட வரலாம். நல்லெண்ணத்தோடு ஒரு பெரியம்மா சபைக்கே கேட்கும்படி, "இவளுக்கும் ரெண்டு வளையலைப் போடுங்க, அடுத்த வருஷம் இவளுக்குத்தான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நீங்களும் சிரித்து வைக்க வேண்டியிருக்கும். அது வேண்டாம் என்றால் தோழியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அவள் தன் அம்மாவிடம் சொல்லிவிடுவாள். இல்லையென்றால் கூட்டம் மேடையில் இருக்கும்போது போகாமல், பந்தி தொடங்கும் நேரத்துக்குப் போய் அட்சதை தூவிவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள். அன்றைக்கு மனசு ஒத்துழைக்கவே இல்லை என்றால் பரிசை டீமில் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்து வீட்டில் போய்ப் பார்க்கலாம். நெருங்கிய தோழி இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டாள். கணவரை இழந்த பெண்கள் நலங்கு வைப்பதைப் பற்றியும் இதே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. அதை முடிவு செய்ய வேண்டியது அந்தக் கர்ப்பிணியும் அவள் வீடும்தான். விருந்தாளியாகப் போன நாம் யாரையும் மேடையிலிருந்து இறக்கிவிடும் வேலையைச் செய்யக் கூடாது. பெற்ற தாயையே ஓரமாக நிற்க வைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

மேடை ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத் தயங்குகிறவர்கள் நிறையப் பேர். இரு கையிலும் கன்னத்திலும் சந்தனம் தடவி, நெற்றியில் குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, கைக்கு ஒன்றோ இரண்டோ வளையல் போட்டு, அட்சதை தூவ வேண்டும். அவ்வளவுதான். முதலில் வேப்பிலைக் காப்பு போடுகிற வீடுகளில் அதைப் பெரியவர்கள் போட்டு முடிக்கும்வரை பொறுங்கள். உங்களுக்கு முன்னால் இருபது பேர் தடவிய சந்தனம் அவள் கன்னத்தில் காய்ந்து இழுத்துக்கொண்டிருக்கும். லேசாகத் தொட்டு வைத்தால் போதும். பன்னீர்ச் சொம்பை முகத்துக்கு நேராக உதறாதீர்கள். படத்துக்காக இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று வளையலைக் கழற்றிப் போடச் சொல்வதும் கொடுமை. முதுகுவலியோடு மணிக்கணக்கில் நாற்காலியில் இருப்பவள் அவள். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றாலும் நூறு பேருக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனிப்பை வாயில் ஊட்டுவதற்கு முன்னால் கண்டிப்பாகக் கேளுங்கள். கர்ப்ப காலச் சர்க்கரை நம் ஊரில் அபூர்வமான நோய் இல்லை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை என்று முடிவு செய்யும் பரிசோதனையைக் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்கிறார்கள். அதில் மாட்டியவள் தன் சர்க்கரை அளவைச் சபையில் அறிவித்துக்கொண்டிருக்க மாட்டாள். "ஒரு வாய்தானே" என்று ஆளுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினால் அவள் என்ன செய்வாள்? டீம் சார்பாக மருதாணி வைத்துவிட ஏற்பாடு செய்வதாக இருந்தால், ஒரு மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கோன் வேண்டவே வேண்டாம். அந்தக் கறுப்புக்குக் காரணம் முடிச்சாயத்தில் போடுகிற ரசாயனம், தோல் வெந்துபோகும் அளவுக்கு ஒவ்வாமை வரலாம். அரைத்த மருதாணி இலை போதும். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ காய்ச்சல், அம்மை, கண்வலி என்றால் போகவே வேண்டாம். தீட்டு காரணமாக வரவில்லை என்றால் எப்படி ஒப்புக்கொள்வார்களோ, அப்படியே இதையும் ஒப்புக்கொள்வார்கள்.

பேச்சிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வயிறு கூம்பியிருக்கிறதா அகன்றிருக்கிறதா என்று பார்த்து ஆணா பெண்ணா என்று ஆரூடம் சொல்லாதீர்கள். ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை இருக்கும் வீடு என்றால் அந்தப் பேச்சு எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுப் படங்களில் பார்த்துவிட்டு, பையனென்றால் நீல பலூன், பெண்ணென்றால் இளஞ்சிவப்பு பலூன் வெடித்து அறிவிக்கலாமே என்று டீமில் யாராவது சொன்னால், 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து சொல்வதே இந்தியாவில் குற்றம் என்பதை நினைவுபடுத்துங்கள். சிசேரியன் கதை, யாருக்கோ நேர்ந்த கஷ்டப் பிரசவக் கதை எல்லாம் பந்தியில்கூட வேண்டாம்.

உடையில் கறுப்பைத் தவிர்த்தால் போதும். சில வீடுகளில் கர்ப்பிணிக்கே கறுப்புப் புடவை கட்டுவது முறை. மசக்கைக் கறுப்பு என்பார்கள். மேடையில் அவள் கறுப்பில் இருந்தால் திகைக்க வேண்டாம், உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. டீமில் ஆண்களும் வந்தால் நலங்கு வைக்காமல் அட்சதை தூவி, கணவருக்குக் கைகொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். பந்தியைத் தவற விடாதீர்கள். புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று கலந்த சாதங்கள்தான் அன்றைக்கு விசேஷம். சாப்பிடாமல் கிளம்பினால் அவள் அம்மாவுக்கு மனசு கேட்காது. கிளம்பும்போது தரும் தாம்பூலப் பையையும் வளையலையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. வளையல் போடாத பழக்கம் உள்ளவர்கள்கூட வாங்கிக்கொள்வதுதான் முறை.

டீம் பணத்தில் மீதி வைத்த அந்தப் பங்குக்கு வருவோம். முதல் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். குழந்தை பிறந்த செய்தி வந்ததும் வாங்க ஓடாதீர்கள். பதினோராம் நாள் புண்ணியாகவாசனமோ பெயர் சூட்டலோ தொட்டில் போடுவதோ, அவர்கள் வீட்டு முறை எதுவோ அது முடியட்டும். வெள்ளி அரைஞாண், கொலுசு, காப்பு எல்லாம் தாய்மாமனுக்கும் அத்தைக்கும் உரியவை, அதில் நண்பர்கள் போட்டி போட வேண்டாம். பருத்தித் துணியில், முன்பக்கம் முடிச்சுப் போடும் சட்டைகளை ஆறு மாத அளவில் வாங்குங்கள். பிறந்த அளவில் எல்லோரும் வாங்கித் தந்து, ஒரு மாதத்தில் அத்தனையும் பத்தாமல் போயிருக்கும். பால் புட்டி, பால் பவுடர் டப்பா வேண்டாம், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். தலையணை வைத்த மெத்தை செட்டும் வேண்டாம், ஒரு வயதுவரை குழந்தைக்குத் தலையணை ஆபத்து. குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டுகிற சக்கர வாக்கரும் வேண்டாம். கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. தள்ளுவண்டி வாங்கத்தான் ஆசை என்றால் அப்போது தோழியிடமே கேளுங்கள். கும்பகோணத்துத் தெருவில் அது உருளுமா, சென்னைக்குத் திரும்பிய பிறகு அவள் அப்பார்ட்மென்ட்டில் லிஃப்ட் இருக்கிறதா என்று அவளுக்குத்தான் தெரியும்.