ஐந்து ஆண்டுகள், இரு பட்டங்கள்: அமெரிக்காவின் 3-2 பொறியியல் திட்டம் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் துறைகளைப் பரவலாகக் கற்பிக்கும் கல்லூரி) மூன்று ஆண்டுகள் இயற்பியல் படித்துவிட்டு, அதனுடன் ஒப்பந்தம் கொண்ட பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டுகள் இயந்திரப் பொறியியல் படித்து, இரு பட்டங்களையும் பெற்றவள் நான். பின்னர் இதே வழியில் செல்ல விரும்பிய மாணவர்கள் பலருக்குப் பாடத் தேர்வில் வழிகாட்டியிருக்கிறேன். வந்திருக்கும் கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் தருகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தந்தை: 3-2 என்பது என்ன? நான்கு ஆண்டுகளில் முடியும் பொறியியலுக்கு ஐந்து ஆண்டுகள் எதற்கு?

ஐயா, இது இரு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு. மாணவர் முதல் மூன்று ஆண்டுகள் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இருந்து, வரலாறு, மொழி, தத்துவம், கலை போன்றவற்றோடு தம் முதன்மைப் பாடத்தையும் முடிக்கிறார். அடுத்த இரண்டு ஆண்டுகள் பொறியியல் பள்ளியில், அதாவது பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவில், கழிகின்றன. முடிவில் கல்லூரி பி.ஏ. பட்டத்தையும் பல்கலைக்கழகம் பி.எஸ். என்னும் பொறியியல் பட்டத்தையும் வழங்குகின்றன. பொறியியல் பாடங்களில் சில பி.ஏ.வுக்கும், கல்லூரியில் படித்த கணிதமும் அறிவியலும் பொறியியல் பட்டத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதால்தான், தனித்தனியே படித்தால் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடிப்பது ஐந்தாகச் சுருங்குகிறது.

எல்லா இடங்களிலும் அமைப்பு ஒன்றுபோல் இருப்பதில்லை. கொலம்பியா, செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பி.ஏ.வை நான்கு ஆண்டுகளில் முழுமையாக முடித்துவிட்டுச் செல்லும் 4-2 முறையும் உண்டு. டார்ட்மத்தின் தேயர் பொறியியல் பள்ளியில், மாணவர் மூன்றாம் ஆண்டை அங்கே கழித்து, நான்காம் ஆண்டு தம் கல்லூரிக்குத் திரும்பி பி.ஏ. பெற்று, ஐந்தாம் ஆண்டு மீண்டும் தேயருக்குச் சென்று பி.இ. முடிக்கும் முறை இருக்கிறது. அட்லாண்டாவில் ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் போன்ற கறுப்பினத்தவருக்கான வரலாற்றுப் புகழ்மிக்க கல்லூரிகள் 1969இல் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இத்தகைய திட்டத்தைத் தொடங்கின. பொறியியல் துறையின் கதவு யாருக்கெல்லாம் சாத்தியிருந்ததோ அவர்களுக்கு அதைத் திறந்துவிட்ட முயற்சி என்பதால், இத்திட்டங்களின் வரலாற்றில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

சென்னையிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, கொலம்பியாவிலோ கால்டெக்கிலோ நேரடியாக இடம் கிடைப்பது கடினம். 3-2 வழியாக எளிதாக நுழையலாமா?

தம்பி, இந்த எண்ணத்தோடு வருபவர்கள்தான் மிகுதியாக ஏமாற்றம் அடைகிறார்கள். கல்லூரியின் விளம்பரத் தாளில் கூட்டாளிப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருப்பதாலேயே அங்கே இடம் உறுதியாகிவிடாது. கொலம்பியா ஒரு காலத்தில், குறிப்பிட்ட மதிப்பெண் சராசரியும் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி என்று சொன்னது. பின்னர் அதைக் கைவிட்டுப் போட்டி முறைக்கு மாறியது. கால்டெக் ரீட், பொமோனா, ஆக்சிடென்டல், கிரினெல், ஓபர்லின் போன்ற சில கல்லூரிகளிலிருந்து மட்டுமே இவ்வாறு மாணவர்களை ஏற்றுவந்திருக்கிறது. அங்கும் தேர்வு மிகக் கடுமையானது.

ஆகவே உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: மூன்றாம் ஆண்டின் முடிவில் பொறியியல் பள்ளி மறுத்துவிட்டால், அதே கல்லூரியில் நான்காம் ஆண்டையும் படித்து பி.ஏ. மட்டும் பெற்று வெளியேற உங்களுக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் தயங்காமல் செல்லுங்கள். இல்லையென்றால் நேரடியாகப் பொறியியலுக்கே விண்ணப்பியுங்கள்.

ஒஹாயோவில் முதலாண்டு படிக்கும் ஒரு மாணவி: தத்துவத்தை முதன்மைப் பாடமாக எடுக்க விரும்புகிறேன். அப்படியும் 3-2வில் சேர முடியுமா? இப்போதே எதைப் படிக்க வேண்டும்?

முடியும். இத்திட்டத்தின் உண்மையான அழகே அதுதான். பெரும்பாலானவர்கள் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் ஒன்றை எடுப்பதற்குக் காரணம், அப்பாடங்கள் பொறியியலின் முன்தேவைகளோடு ஒன்றிப்போவதால் சுமை குறைகிறது என்பது மட்டுமே. தத்துவம் எடுத்தால் இரண்டையும் தனித்தனியே சுமக்க வேண்டும். அதற்குத் திட்டமிடல் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

நுண்கணிதத்திலிருந்து தொடங்குங்கள். முதல் நுண்கணிதம், இரண்டாம் நுண்கணிதம், பலமாறி நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் என நான்கு பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். முதல் பருவத்திலேயே தொடங்கினால் இரண்டாம் ஆண்டின் முடிவில் அவை நிறைவடையும். தள்ளிப்போட்டால், பொறியியல் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் நேரத்துக்குள் கடைசிப் பாடத்தை முடிப்பது நெருக்கடியாகிவிடும். இவற்றோடு நுண்கணித அடிப்படையிலான இயற்பியல் இரண்டு பருவங்கள், ஆய்வகத்துடன் வேதியியல், ஒரு நிரலாக்கப் பாடம் ஆகியவையும் பொதுவாகத் தேவை. வேதிப் பொறியியல் விரும்பினால் கரிம வேதியியலும் சேரும்.

இன்னொன்றும் உண்டு. சிறிய கல்லூரிகளில் மேல்நிலைப் பாடங்கள் சில ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டுதான் நடத்தப்படும். நான்கு ஆண்டு மாணவருக்கு அது இடைஞ்சல் இல்லை. மூன்றே ஆண்டுகள் இருக்கும் உங்களுக்கு, தவறவிட்ட பாடம் திரும்ப வருமுன் நீங்கள் அங்கிருந்து சென்றிருப்பீர்கள். நான்காம் ஆண்டில் எழுத வேண்டிய ஆய்வேட்டை மூன்றாம் ஆண்டிலேயே எழுத அனுமதி உண்டா என்பதையும் துறைத் தலைவரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். என் வகுப்பில் ஒருவருக்கு வாய்மொழியாகக் கிடைத்த உறுதி, அப்பேராசிரியர் விடுப்பில் சென்றபோது செல்லாததாகிவிட்டது.

அதே மாணவி: இங்கே சேர்ந்தவர்களில் மிகச் சிலரே பொறியியலுக்குப் போகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

நான் பார்த்த அளவில் உண்மை. சிலர் கணிதத்தில் தடுமாறி விலகுகிறார்கள். சிலர் தம் முதன்மைப் பாடத்திலேயே மனம் ஒன்றி இருந்துவிடுகிறார்கள். ஆனால் பலரைத் தடுத்து நிறுத்துவது நான்காம் ஆண்டு என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் உணர்வதில்லை. மூன்று ஆண்டுகள் ஒரே விடுதியில், ஒரே உணவுக்கூடத்தில் வாழ்ந்த நண்பர்கள் இறுதியாண்டைக் கொண்டாடும் வேளையில், நீங்கள் வேறொரு நகரத்தில், ஏற்கெனவே நட்பு வட்டங்கள் அமைந்துவிட்ட ஒரு பெரிய வகுப்பில் புதியவராக அமர்ந்து வெப்ப இயக்கவியல் படித்துக்கொண்டிருப்பீர்கள். பதினைந்து பேர் வகுப்பில் பேராசிரியரோடு விவாதித்துப் பழகிய எனக்கு, முதல் பருவம் முழுவதும் வாயே திறக்க வரவில்லை. என் நண்பர்கள் பட்டம் பெற்ற நாளில் எனக்கு இறுதித் தேர்வு இருந்தது. அந்த வருத்தம் இப்போதும் இருக்கிறது.

இருந்தும் நான் இவ்வழியைத் தேர்ந்ததற்கு வருந்தவில்லை. பாலத்தின் வரைபடத்தைப் பார்க்கும்போது, அந்தப் பாலம் யாருடைய ஊரைப் பிரிக்கிறது என்று கேட்கும் பழக்கம் என் வரலாற்று வகுப்பில் வந்தது. நான்காம் ஆண்டை இழக்க மனமில்லாதவர்கள் 4-2 முறையையோ டார்ட்மத் முறையையோ பார்க்கலாம்.

நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தாய்: என் தங்கை மகள் எஃப்-1 விசாவில் வருகிறாள். இரண்டு பட்டங்கள் பெற்றால் படிப்புக்குப் பின் வேலை செய்யும் அனுமதியும் இரண்டு முறை கிடைக்குமா?

கிடைக்காது அம்மா. ஓபிடி எனப்படும் அந்த 12 மாத அனுமதி ஒவ்வொரு கல்வி நிலைக்கும் ஒரு முறைதான். பி.ஏ., பி.எஸ். இரண்டும் இளநிலைப் பட்டங்களே. ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளுக்கு அதன் மேல் 24 மாத நீட்டிப்பு உண்டு. பொறியியல் பட்டம் அதற்குத் தகுதி உடையது. எனவே 4-2 முறையில் செல்பவர்கள் பி.ஏ. முடிந்தவுடன் ஓபிடியைப் பயன்படுத்திவிட்டால், பொறியியல் பட்டத்துக்குப் பின் புதிதாக 12 மாதம் கிடைக்காது. கல்லூரி மாறும்போது, மாணவர் விசாவுக்கு அடிப்படையான ஐ-20 ஆவணமும் புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் ஒரு பருவம் முன்னதாகவே பேசிவிடச் சொல்லுங்கள்.

செலவையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். முதல் கல்லூரி தந்த உதவித்தொகை மாணவியோடு கூடவே வராது. அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி எஃப்-1 மாணவர்களுக்கு இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்குத் தாராளமாக உதவும் சிறிய கல்லூரியிலிருந்து, இடைமாற்ற மாணவர்களுக்கு எதுவும் தராத பெரிய பல்கலைக்கழகத்துக்குச் சென்று, கடைசி இரண்டு ஆண்டுகளின் முழுக் கட்டணத்தையும் குடும்பமே ஏற்க நேர்ந்ததைக் கண்டிருக்கிறேன். ஐந்து ஆண்டுக் கணக்கையும் முதல் நாளே போட்டுப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியர்: பொறியாளராகப் பதிவு செய்ய இந்தப் பட்டம் செல்லுமா?

செல்லும். பார்க்க வேண்டியது, பி.எஸ். வழங்கும் பொறியியல் படிப்புக்கு ஏபெட் என்னும் தர அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் உள்ளதா என்பதை. பி.ஏ. எந்தத் துறையில் என்பது உரிமத்துக்குப் பொருட்டல்ல.

மதுரையிலிருந்து ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: இடையில் ஊர் மாறாமல், ஒரே கல்லூரியில் இரண்டையும் படிக்க வழியே இல்லையா?

இருக்கிறது, பலருக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். ஸ்வார்த்மோர், லஃபாயெட், பக்னெல் போன்ற கல்லூரிகள் லிபரல் ஆர்ட்ஸ் சூழலுக்குள்ளேயே பொறியியல் பட்டம் தருகின்றன. ஹார்வி மட் கல்லூரியில் பொறியியல் மாணவர்களும் கலை, மானுடப்புலப் பாடங்களைக் கணிசமாகப் படிக்க வேண்டும். ஸ்மித், அமெரிக்காவில் சொந்தமாகப் பொறியியல் படிப்பைத் தொடங்கிய முதல் பெண்கள் கல்லூரி. அதன் முதல் பொறியியல் அணி 2004இல் பட்டம் பெற்றது.

இந்தியாவிலேயே இருக்க விரும்பினாலும் வழி உண்டு. 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதிக்கிறது. நேரில் சென்று இலக்கியமோ பொருளியலோ படித்துக்கொண்டே, சென்னை ஐஐடியின் இணையவழித் தரவு அறிவியல் பட்டத்தையும் தொடரலாம். ஆனால் அது 3-2வுக்கு இணையானதன்று; அங்கே ஒரு பாடம் இரண்டு பட்டங்களுக்கும் கணக்காகாது.

3-2 தான் வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்தால், விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்றைக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் உண்மையாகவே பொறியியல் பள்ளிக்குச் சென்றார்கள், எந்தப் பள்ளிக்கு, அவர்களில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேர். எண்ணிக்கையைத் தெளிவாகச் சொல்லும் கல்லூரியில் இத்திட்டத்துக்கென்று பொறுப்பான ஓர் ஆலோசகர் இருப்பார். அவருடைய பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அவரிடமே மூன்று ஆண்டுப் பாட அட்டவணையின் மாதிரி ஒன்றையும் கேளுங்கள்.