நான்கு குதிரைக்கும் ஒரே சேணமா?

கேள்வி: குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கப் போகிறேன். என்னிடம் நான்கு குதிரைகள் உள்ளன. இரண்டு உயரமானவை, ஒன்று நடுத்தரம், ஒன்று போனி எனும் குட்டை வகைக் குதிரை. முகவர் ஒருவர் முழுத் தொகுப்பாகவே எல்லாம் தருவதாகச் சொல்கிறார். லோகோ பொறித்த ஒரே மாதிரியான நான்கு சேணங்கள், லோகோ ஸ்டிக்கர் ஒட்டிய தலைக்கவசங்கள், சீருடை, மைதானத்தைச் சுற்றி நட விளம்பரக் கொடிகள், வெப்சைட் எல்லாம் அதில் அடக்கம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் பிராண்டு மனதில் நிற்கும் என்கிறார். இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். தரலாமா?

பதில்: தர வேண்டாம். ஒரு காசுகூட வேண்டாம்.

உங்கள் குதிரைகளின் முதுகைப் பார்க்காமலே அவர் சேணத்துக்கு விலை சொல்லியிருக்கிறார். எனக்கு அது ஒன்றே போதும். இப்படித் தொகுப்பு விற்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களைத்தான் தேடி வருவார்கள், ஏனென்றால் ஒரு வருடம் பள்ளி நடத்தியவர் யாரும் அவர்களிடம் வாங்க மாட்டார்.

சேணத்துக்குள் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஒரு சட்டம் இருக்கிறது. மேலே உட்காருபவரின் எடையை முதுகெலும்பின் மேல் விழாமல், அதன் இரு பக்கத் தசைகளிலும் பரப்புவதுதான் அதன் வேலை. சட்டம் குறுகலாக இருந்தால் தோளை நெருக்கும். அகலமாக இருந்தால் முன்பக்கம் இறங்கி, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உள்ள மேட்டில் உட்கார்ந்துவிடும். நீளத்துக்கும் எல்லை உண்டு. குதிரைக்குப் பொதுவாக 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் பின்னால் போகக் கூடாது, அதற்கு அப்பால் எடையைத் தாங்க அடியில் விலா கிடையாது. உயரமான குதிரைக்குச் சரியாக இருக்கும் சேணம் போனியின் முதுகில் இந்த எல்லையைத் தாண்டிவிடும். ஒரே அளவில் நான்கு வாங்கினால் ஒரு குதிரைக்குப் பொருந்துவதே அதிர்ஷ்டம்.

மற்ற மூன்றும் என்ன செய்யும்? முதலில் வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வரும். அப்புறம் வாலைச் சுழற்றும், ஓட்டம் எடுக்க மறுக்கும். ‘திமிர் பிடித்த குதிரை’ என்று பெயர் வைத்துச் சாட்டையை எடுப்பார்கள். ஒருநாள் அது முதுகை வளைத்துத் துள்ளும். அப்போது மேலே இருப்பது லகானைப் பிடிக்கவே இன்னும் சரியாகத் தெரியாத ஒரு குழந்தை. பயிற்சிப் பள்ளியில் சேணம் பொருந்தாதது குதிரையின் பிரச்சினை மட்டும் இல்லை என்று நான் கத்திச் சொல்வது இதனால்தான்.

பொருந்துகிறதா என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். விரிப்பு போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள். கழுத்துக்குப் பின்னால் உள்ள அந்த மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் அது மறையக் கூடாது. பின்னால் நின்று குனிந்து பார்த்தால், சேணத்தின் அடியில் முதுகெலும்புக்கு மேலாக ஓடும் நடுக் கால்வாய் வழியாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறகு மெல்லிய விரிப்பு போட்டு, வியர்க்கும் வரை சவாரி செய்து, இறக்கிப் பாருங்கள். சுற்றிலும் ஈரமாக இருக்க, நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு தெரிந்தால் பெரும்பாலும் அங்கே அழுத்தம் என்று பொருள். அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால் பழைய சேணம் செய்த காயம் அது. வாங்கிய குதிரைகளில் இதை இன்றே பாருங்கள்.

இவ்வளவும் பார்க்க வேண்டுமென்றால் சேணத்தைச் சில நாட்கள் சோதனைக்குத் தர வேண்டும். நேர்மையான விற்பனையாளர் தருவார். லோகோ பொறிப்பதில் உள்ள சூழ்ச்சி இங்கேதான். தோலில் உங்கள் பெயரை அழுத்திப் பதித்துவிட்டால் அது ‘ஆர்டரின் பேரில் செய்த பொருள்’ ஆகிவிடும், திருப்பி எடுக்க மாட்டார்கள். மறுவிற்பனை செய்யப் போனாலும் வேறொரு பள்ளியின் பெயர் போட்ட சேணத்தை யார் வாங்குவார்? அழகுக்குச் சேர்த்த ஒன்று உங்கள் கையைக் கட்டிவிடுகிறது. எனவே சேணத்தில் எதையும் பொறிக்காதீர்கள். மலிவான புதுச் சேணத்தைவிட நல்ல தயாரிப்பின் பழைய சேணம் மேல். உள்சட்டம் உடையாமல் இருக்க வேண்டும். முன்பக்கத்தை வயிற்றில் அணைத்துப் பின்பக்கத்தை உங்களை நோக்கி இழுத்துப் பாருங்கள். நடுவில் மடிந்தாலோ கிறீச்சென்று சத்தம் வந்தாலோ வேண்டாம்.

நான்கு குதிரைக்கு நான்கு சேணமும் தனித்தனி அளவா என்று கேட்பீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அதை எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில செயற்கைத் தோல் சேணங்களில் முன்பக்கத்தில் உள்ள உலோகத் தகட்டை மாற்றலாம். திருகைக் கழற்றி, குறுகல், நடுத்தரம், அகலம் என்று வேறு தகட்டைப் பொருத்தினால் சேணத்தின் முன் அகலம் மாறும். உங்கள் இரண்டு உயரமான குதிரைகளும் முதுகு நீளத்திலும் வளைவிலும் ஒத்திருந்தால் இந்தச் சேணம் இரண்டுக்கும் உதவலாம். ஆனால் தகடு மாற்றுவது முன் அகலத்தை மட்டுமே. சேணத்தின் நீளம் மாறாது, குதிரையின் முதுகில் படியும் அடித் திண்டின் வளைவு மாறாது, நடுக் கால்வாயின் அகலமும் பெரும்பாலும் மாறாது. தட்டையான முதுகுக்குச் செய்ததை வளைந்த முதுகில் போட்டால் எந்தத் தகடும் காப்பாற்றாது. அதனால் போனிக்கு இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். அடுத்து, ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே அவசரமாகத் தகடு மாற்ற நினைக்காதீர்கள். ஒருநாள் மறந்துபோகும், தவறான தகட்டோடு குதிரை மைதானத்துக்குப் போகும். இந்த வசதியின் உண்மையான பயன் வேறு. ஒரே குதிரையே வருடம் முழுவதும் ஒரே உடம்போடு இருப்பதில்லை. வேலை கூடினால் தசை ஏறும், ஓய்வில் கொழுப்பு ஏறும், நோயில் முதுகு வற்றும். அப்போது புதுச் சேணம் வாங்காமல் தகட்டை மாற்றிச் சமாளிக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை முதுகைப் பார்த்து மாற்றுங்கள், மாற்றிய தேதியை எழுதி வையுங்கள்.

சேணம் பொருத்திப் பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்துவிடுவது நல்லது. பிரிட்டனில் சேணத் தொழிலாளர்களின் அமைப்பான மாஸ்டர் சாட்லர்ஸ் சங்கம் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. பல இடங்களில் அப்படி எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் அட்டை அடித்துக்கொண்டு வரலாம். குதிரைத் தொழிலில் மனிதர் உயிர் சம்பந்தப்பட்ட இவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை காலம் யாரும் ஒழுங்குபடுத்தாமல் விட்டிருப்பது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. குறைந்தபட்சம், சேணம் விற்று கமிஷன் வாங்காத ஒருவராகப் பாருங்கள்.

உங்கள் பிராண்டு எங்கே இருக்க வேண்டும்? சேணத்துக்கு அடியில் போடும் விரிப்பில். துவைக்கலாம், மாற்றலாம், எந்தக் குதிரைக்கும் அளவெடுத்துத் தைக்கலாம். புகைப்படத்தில் நன்றாகத் தெரிவதும் அதுதான். எல்லாம் ஒரே நிறத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நிறம் கொடுங்கள். அதன் விரிப்பு, தலைக்கயிறு, தேய்க்கும் பிரஷ், வாளி எல்லாம் அந்த நிறத்தில், லோகோ மட்டும் பொதுவாக. மாணவர்கள் சட்டென்று கற்றுக்கொள்வார்கள், பொருள்கள் கலக்காது. ஒரு குதிரையின் படர்தாமரை பிரஷ் வழியாகவும் வயிற்று வார் வழியாகவும் நான்குக்கும் பரவுவது குறையும். கடிவாளமும் வாய் இரும்பும் குதிரைக்கொன்று தனியாகவே இருக்கட்டும், மென்மையான வகையாகவும் இருக்கட்டும்.

தலைக்கவசத்தில் ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. பசையிலும் பெயின்டிலும் உள்ள ரசாயனம் வெளி ஓட்டைப் பலவீனமாக்கலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். லோகோ வேண்டுமானால் கவசத்துக்கு மேல் போடும் துணி உறையில் போடுங்கள். உள்ளே இருக்கும் நுரை அடியை வாங்கி ஒருமுறை நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. நசுங்கியது வெளியே தெரியாது. அதனால் பழைய சேணம் வாங்குங்கள் என்று சொன்ன நானே பழைய தலைக்கவசம் வாங்காதீர்கள் என்கிறேன். தலை அடிபடும்படி யாராவது விழுந்தால் அந்தக் கவசம் அன்றே குப்பைக்கு. விழாவிட்டாலும் சுமார் ஐந்து ஆண்டில் மாற்றச் சொல்வது தயாரிப்பாளர்களின் வழக்கம். சைக்கிள் கவசமும் ஆகாது. குளம்பு போன்ற கூரான பொருள் மோதுவதைக் கணக்கில் எடுத்துச் சோதித்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள உள்பக்க லேபிளைப் பாருங்கள். அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப்1163, கூடவே சான்று தரும் அமைப்பான எஸ்இஐயின் முத்திரை. பிரிட்டனில் பிஏஎஸ் 015. ஐரோப்பாவில் நடந்த குழப்பத்தைச் சொன்னால் கோபம்தான் வரும். பழைய இஎன் 1384 போதாது என்று திரும்பப் பெற்றார்கள், இடைக்காலமாக விஜி1 என்று ஒன்று கொண்டுவந்தார்கள், பிறகு 2017-ல் அதே இஎன் 1384 என்ற எண்ணிலேயே புதுத் தரத்தை வெளியிட்டார்கள். ஒரே எண் என்பதால் பழைய சரக்கைத் தள்ளிவிட இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பியச் சந்தைக்கான வெறும் ‘சிஇ’ முத்திரையைக் காட்டி யாராவது வாதாடினால் எழுந்து வந்துவிடுங்கள். அது எந்தப் பயன்பாட்டுக்குச் சோதித்தார்கள் என்பதைச் சொல்லாது. கவசத்தின் எண்ணிக்கையைக் குதிரைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள், தலை அளவை வைத்து முடிவு செய்யுங்கள். சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லா அளவிலும் இருக்க வேண்டும்.

சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையமான அங்கவடியைத் தொகுப்பில் யாரும் கவனிப்பதில்லை. மாணவரின் பூட்ஸைவிட அது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலமாக இருக்க வேண்டும். பெரியவரின் அங்கவடியில் குழந்தையின் கால் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும், விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டு போகும். சிறுவர்களுக்கு ஒரு பக்கம் ரப்பர் பட்டை வைத்த பாதுகாப்பு அங்கவடி வாங்குங்கள். பட்டை வெளிப்பக்கம் இருக்கும்படி மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அங்கவடி வாரைத் தாங்கும் இரும்பின் முனையில் நிமிர்ந்து மூடும் சிறு நாக்கு இருந்தால் அதைத் திறந்தே வைத்திருங்கள், கால் மாட்டினால் வார் முழுதாகக் கழன்று வர வேண்டும்.

கொடிகள் வேண்டவே வேண்டாம். காற்றில் படபடக்கும் துணியைக் கண்டால் குதிரை மிரளும், அதை மைதானத்தைச் சுற்றி நடச் சொல்பவருக்குக் குதிரையைப் பற்றி எதுவும் தெரியவில்லை. சீருடையும் உடம்போடு ஒட்டி, தொங்காமல் இருக்கட்டும். லோகோ வரையும்போது இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் குதிரையைத்தான் எல்லா வடிவமைப்பாளரும் முதலில் கொண்டுவருவார்கள். தொடக்கநிலைப் பள்ளியில் அது நடந்தால் விபத்து. பிள்ளையை அனுப்ப யோசிக்கும் தாய் தகப்பனுக்கு அமைதியாக நடக்கும் குதிரையைக் காட்டுங்கள். தலைக்கவசம் இல்லாத ஒருவர்கூட உங்கள் படங்களில் இருக்கக் கூடாது, பயிற்சியாளர் உட்பட.

வெப்சைட்டில் எடை வரம்பை வெளிப்படையாகப் போடுங்கள். சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதம் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. 2008-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைகளில் சோதித்தபோது, 25, 30 சதவீதத்தில் இதயத் துடிப்பும் தசை வலியும் கூடியதைக் கண்டார்கள். 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. அதில் சேணம் 8 கிலோ என்றால் ஏறுபவரின் எடை 72 கிலோ வரை இருக்கலாம். கனமான மாணவர் வந்து நிற்கும்போது சொல்லச் சங்கடமாக இருக்கும், முன்பே எழுதியிருந்தால் யாருக்கும் வருத்தம் இல்லை.

கடைசியாக, வெப்சைட் பெயர். தொகுப்பில் வரும் வெப்சைட்டை முகவர் தன் பெயரில் பதிவு செய்துகொள்வார். அடுத்த வருடம் அவர் கேட்கும் தொகையைத் தராவிட்டால் உங்கள் முகவரி உங்களிடம் இருக்காது. டொமைன், சமூக ஊடகப் பக்கம், தொலைபேசி எண் மூன்றையும் நீங்களே உட்கார்ந்து பதியுங்கள், அரை நாள் வேலைதான். லோகோ வரைந்தவரிடம் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத மூலக் கோப்பையும், உரிமையை உங்களுக்கு மாற்றும் எழுத்தையும் வாங்குங்கள். பெயரை வணிகச் சின்னமாகப் பதிய நினைத்தால், அதற்கான பன்னாட்டுப் பட்டியலான நீஸ் வகைப்பாட்டில் பயிற்சியும் விளையாட்டும் 41-ஆம் வகுப்பு. உங்களுக்கு இப்போது அது ஒன்று போதும். ஆடைக்கு 25, சேணப் பொருள்களுக்கு 18 என்று மூன்று நான்கு வகுப்புக்குக் கட்டணம் கேட்டால், டி-ஷர்ட்டும் சேணமும் விற்கும் நாள் வரும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள். யார் மூலம் விண்ணப்பித்தாலும் விண்ணப்பதாரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள். அங்கே முகவரின் நிறுவனப் பெயர் இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு நேரடியாக நீங்களே விண்ணப்பியுங்கள்.